குயில்மேட்டுத் துரை!

பென்னி என்றால் காசு. குயிக் என்றால் சீக்கிரம். ஆக, பென்னிகுயிக் என்றால் ‘சீக்கிரம் காசு!’ ஏதோ சீட்டுக் கம்பெனிக்கு வைக்க வேண்டிய பெயரை, முல்லைப் பெரியாறு அணை கட்டிய மனுஷருக்கு யார் வைத்தார்கள் என்று உங்களுக்கு எப்போதாவது சந்தேகம் வந்ததுண்டா?

வந்திருந்தால் உடனே வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பெயரில் காசும் இல்லை, அவசரமும் இல்லை. (அணை கட்டி முடிக்கவே எட்டு வருஷம் ஆச்சு. இதில் எங்கே இருக்கிறது குயிக்?) பெயருக்குள் இருப்பது ஒரு பறவை!

லண்டனில் ஒரு தெருவில் நின்று, ‘மிஸ்டர் ஸ்மித்!’ என்று உரக்கக் கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். ‘மிஸ்டர் பென்னிகுயிக்!’ என்று கூப்பிட்டால் ஒருத்தரும் திரும்ப மாட்டார். அவ்வளவு அபூர்வமான சர்நேம் அது. அதே குரலைக் கம்பம் பஸ் ஸ்டாண்டில் கொடுத்துப் பாருங்கள். யாராவது ஓர் இளைஞர், ‘என்னங்கண்ணே?’ என்று திரும்ப வாய்ப்பு உண்டு!

ஸ்காட்லாந்தில் முளைத்த ஒரு குடும்பப் பெயர் கம்பம் வரை எப்படி வந்தது? அதைவிட முக்கியமான கேள்வி... பெயர் என்கிற சமாசாரம் உயிரோடு இருப்பது எதனால்? ரத்தத்தாலா, அல்லது வேறு ஏதாவதா?

குக்கூ என்றது ஊர்!

ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோ. அங்கிருந்து தெற்கே சுமார் 16 கிலோமீட்டர் போனால், பென்ட்லாண்ட் குன்றுகளின் ஓரமாக, நார்த் எஸ்க் என்ற சின்ன ஆற்றங்கரையில் ஓர் ஊர் வரும். போர்டில் எழுதியிருப்பதை நம்மவர்கள் எழுத்துக்கூட்டிப் படித்தால் ‘பெனிகுயிக்’ என்று வரும். உள்ளூர்க்காரர்கள் அப்படிச் சொல்வதில்லை. அவர்கள் வாயில் அது ‘பென்னிகுக்’. எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்று. வெள்ளைக்காரர்களுக்கு அது பரம்பரை வியாதி.

இந்த ஊர்ப் பெயர் இங்கிலீஷ் கிடையாது. இங்கிலீஷ் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதற்கு முன்னால் அங்கே கம்பிரிக் என்று ஒரு மொழி இருந்தது. இன்றைய வேல்ஸ் மொழிக்குச் சித்தப்பா பெரியப்பா உறவு. ‘பென்’ என்றால் தலை, உச்சி, மேடு. ‘காக்’ என்றால் குக்கூ பறவை, அதாவது நம்ம ஊர்க் குயிலுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். ‘பென் ஒய் காக்’ என்றால் குக்கூ கூவும் மேடு. நம் பாஷையில் சொன்னால் குயில்மேடு!

கம்பிரிக் பேசினவர்கள் போய் எண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த மொழியில் ஒரு வாக்கியம் பேசக்கூட இன்று ஆள் கிடையாது. ஆனால் அவர்கள் காதில் விழுந்த பறவை மட்டும் ஊர்ப் பெயருக்குள் உட்கார்ந்து இன்னும் கூவுகிறது. இதில் ஒரு வேடிக்கை... தமிழில் நாம் எழுதும் ‘பென்னிகுயிக்’கில், நம்மை அறியாமலே ஒரு ‘குயி’ இருக்கிறது. ஒரு ‘ல்’தான் பாக்கி.

ஊரை விட்டால்தான் ஊர்ப் பெயர்

அந்தக் காலத்தில் பிரிட்டனில் சாதாரண ஜனங்களுக்கு சர்நேமே கிடையாது. ஜான், வில்லியம், ராபர்ட்... அவ்வளவுதான். ஊரில் பத்து ஜான் இருந்தால் என்ன செய்வது? கொல்லுப் பட்டறை ஜான் ‘ஜான் ஸ்மித்’ ஆனார். துணி தைத்தவர் ‘டெய்லர்’ ஆனார். ராபர்ட்டின் பிள்ளை ‘ராபர்ட்சன்’. நரி மாதிரி தந்திரக்காரர் ‘ஃபாக்ஸ்’. (நம் ஆபீஸ்களில் பட்டப் பெயர் வைப்பதும் இதே இலாகாதான். என்ன, நாம் மேனேஜர் காதில் விழாமல் வைக்கிறோம்.)

இன்னொரு வகை, ஊர்ப் பெயரே சர்நேம் ஆவது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. குயில்மேட்டில் எல்லாரும் குயில்மேட்டுக்காரர்கள்தான். அங்கே இருக்கிறவரை யாரும் ‘குயில்மேட்டு ஜான்’ என்று கூப்பிட மாட்டார்கள். அவர் எடின்பரோவுக்குப் பிழைக்கப் போனால்தான் ‘யாரு... அந்த பென்னிகுக் ஜானா?’ என்பார்கள். ஆக, ஊர்ப் பெயர் ஒட்டிக்கொள்வது ஊரை விட்டுக் கிளம்பினவருக்கு!

இதற்கு விதிவிலக்கு நிலச்சுவான்தார்கள். ஊரே அவர்களுடையது என்பதால், ஊரில் இருந்துகொண்டே ஊர்ப் பெயரைப் போட்டுக்கொண்டார்கள். பென்னிகுக்கின் ஜமீன் குடும்பமும் அப்படித்தான். 13-ஆம் நூற்றாண்டு ஆவணங்களிலேயே ஊர்ப் பெயரோடு ஆட்கள் தலை காட்டுகிறார்கள்.

அப்புறம், எல்லா ஜமீன் கதைகளிலும் வருகிற அதே திருப்பம். நிலம் கைமாறியது. 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜான் கிளார்க் என்ற வியாபாரி அந்த எஸ்டேட்டை வாங்கினார். பாரீஸில் வியாபாரம் செய்து காசு சேர்த்தவர். அந்த ஜமீனோடு ஒரு தமாஷான கடமையும் உண்டு. எடின்பரோ அருகே ராஜா வேட்டைக்கு வரும்போது, ஜமீன்தார் ஒரு குறிப்பிட்ட பாறைமேல் உட்கார்ந்து மூன்று தடவை கொம்பு ஊத வேண்டும். வாடகைக்குப் பதில் வாய்!

அந்தக் கிளார்க் குடும்பத்துக் கிளையில் பிற்பாடு பிறந்தவர்தான் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். ரேடியோ, டி.வி., செல்போன் எல்லாவற்றுக்கும் அஸ்திவாரமான மின்காந்த அலைக் கணக்கைப் போட்டவர்.

ஊர் கிளார்க் குடும்பத்துக்கு. பெயர் பழைய குடும்பத்துக்கு. பி.காம். பாஷையில், அஸெட்டை விற்றுவிட்டு ‘குட்வில்’லை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்!

எங்கெங்கே போனார்கள்?

போன இடத்திலெல்லாம் குமாஸ்தாக்கள் அவரவர் காதில் விழுந்தபடி எழுதினார்கள். பெனிகுக், பென்னெகுயிக், பென்னிகுயிக், பென்னிகுக்... நம் ரேஷன் கார்டில் ஒரு பெயர், எலக்ட்ரிசிட்டி கார்டில் ஒரு பெயர் இருக்குமே, அதே கதை. இவற்றில் ‘பென்னிகுக்’ என்று உச்சரிப்புப்படி எழுதும் குடும்பங்கள்தான் கொஞ்சம் அதிகம். ஸ்காட்லாந்தின் கிழக்குப் பக்கத்திலிருந்து கிளம்பி கனடா, ஆஸ்திரேலியா வரை அந்தப் பெயர் போயிருக்கிறது. நம் என்ஜினீயர் எழுதிய பழைய ஸ்பெல்லிங் அதைவிட அபூர்வம்.

ஆட்கள் குறைச்சல்தான். ஆனால் ஆள் ஒவ்வொருவரும் தனி ரகம். 1652-ல் பிறந்த அலெக்ஸாண்டர் பென்னெகுயிக் ஒரு டாக்டர், கவிஞரும்கூட. வைத்தியம் பார்க்கப் போன வழியெல்லாம் மலை, ஆறு, செடி கொடி என்று குறிப்பெடுத்து, ட்வீட்டேல் வட்டாரத்தைப் பற்றி 1715-ல் புத்தகம் போட்டார்.

நம் காலத்தில் காலின் பென்னிகுயிக் (1933-2019). பிரிஸ்டல் பல்கலைக்கழக விஞ்ஞானி. பறவை எப்படிப் பறக்கிறது என்பதுதான் ஆயுசு முழுக்க ஆராய்ச்சி. கீழே நின்று பார்த்தால் போதாது என்று, மோட்டார் பொருத்திய கிளைடரில் ஏறி, ஆப்பிரிக்காவின் செரங்கெட்டிச் சமவெளியில் கழுகுகளுக்குப் பின்னாலேயே பறந்தார். சர்நேமிலேயே பறவை இருந்தால் சும்மா இருக்க முடியுமா?

கனடாவில் கார்டன் பென்னிகுக் என்று ஒரு மனோதத்துவ நிபுணர். பெரிய தத்துவம் மாதிரி காதில் விழும், ஆனால் அர்த்தம் துளியும் இல்லாத வாக்கியங்களை யார் யார் ‘ஆஹா’ என்று நம்புகிறார்கள் என்று சகாக்களோடு ஆராய்ச்சி செய்து, 2016-ல் ‘இக் நோபல்’ பரிசு வாங்கினார். முதலில் சிரிப்பு, அப்புறம் சிந்தனை வரவழைக்கும் ஆராய்ச்சிகளுக்குத் தரும் பரிசு அது. நம் ஊர் மேடைகளைப் பார்த்திருந்தால் மனுஷர் இங்கேயே குடியேறியிருப்பார்.

நாணயத்தைச் சுண்டுங்கள்!

ஒரு சர்நேம் ஏன் அபூர்வமாகிறது? இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர் ஃப்ரான்சிஸ் கால்ட்டன். டார்வினுக்கு உறவு. பேர் பெற்ற குடும்பங்களின் பெயர்கள் அடுத்தடுத்து மறைந்துபோவதைப் பார்த்துவிட்டு, 1873-ல் ஒரு பத்திரிகையில் இதைப் புதிராகப் போட்டார். ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் பதில் கணக்கோடு வந்தார். 1874-ல் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கட்டுரை. கணித உலகில் இன்றும் அது ‘கால்ட்டன்-வாட்சன்’ கணக்கு.

அல்ஜீப்ரா வேண்டாம். ஒரு ரூபாய் நாணயம் போதும். நூறு ஆண்கள், நூறு சர்நேம்கள். ஒவ்வொருவரும் நாணயத்தை இரண்டு தடவை சுண்ட வேண்டும். தலை விழுந்தால் ஒரு மகன். இரண்டும் தலை என்றால் இரண்டு மகன். இரண்டும் பூ என்றால் மகன் இல்லை. மகள் எத்தனை பேர் இருந்தாலும் சர்நேம் கணக்கில் சேராது. கல்யாணமானதும் புருஷன் பெயருக்குப் போய்விடுகிறாள் என்பது அந்த ஊர் வழக்கம்.

சராசரியாக ஆளுக்கு ஒரு மகன். ஜனத்தொகை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்படியானால் நூறு பெயரும் பத்திரம் என்றுதானே நினைப்பீர்கள்? அங்கேதான் உதை! முதல் தலைமுறையிலேயே 25 பெயர் காலி. நாலாவது தலைமுறை முடியும்போது 55 பெயர் இல்லை. பத்தாவது தலைமுறையில், அதாவது சுமார் முந்நூறு வருஷத்தில், 74 பெயர் அவுட். மிச்சமிருக்கும் 26 பெயர்களை நூறு பேர் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

யாரும் தப்புச் செய்யவில்லை. போர் இல்லை, பஞ்சம் இல்லை. வெறும் நாணயம்! ஸ்மித் மாதிரி ஆயிரம் ஊரில் ஆயிரம் பட்டறையில் பிறந்த பெயருக்கு இதில் ஆபத்தில்லை. ஒரே ஒரு குயில்மேட்டில் பிறந்த பெயருக்கு எப்போதும் கண்டம்தான்.

நிஜ வாழ்க்கையில் போரும் உண்டு. 1849 ஜனவரி 13. இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் சிலியன்வாலாவில் பிரிட்டிஷ் படைக்கும் சீக்கியப் படைக்கும் பயங்கரச் சண்டை. பிரிகேடியர் ஜான் பென்னிகுயிக் களத்தில் விழுந்தார். அதே ரெஜிமெண்டில் அவர் மகன் அலெக்ஸாண்டர், வயது பதினேழு. அவனும் அன்றைக்கே அந்தக் களத்திலேயே செத்தான். அப்பனும் பிள்ளையும், ஒரே நாளில்.

அந்தக் குடும்பத்தில் இன்னொரு பையன் இருந்தான். புனேயில் பிறந்தவன். அப்பா இறந்த அன்று அவனுக்கு எட்டாவது பிறந்த நாளுக்கு இன்னும் இரண்டே நாள். அவன் பெயரும் ஜான்தான்.

தண்ணீர் கொண்டுவந்த பெயர்

அந்தப் பையன் அடிஸ்கோம்ப் ராணுவக் கல்லூரியில் படித்து, சென்னை ராஜதானியின் என்ஜினீயர் படையில் சேர்ந்து, 1860-ல் இந்தியா வந்தான். அப்புறம் நடந்தது தமிழ்நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மேற்கே ஓடி அரபிக்கடலில் விழும் பெரியாற்றை மலைமேல் அணை போட்டு நிறுத்தி, மலையைக் குடைந்து, தண்ணீரைக் கிழக்கே வைகைப் பக்கம் திருப்பிவிடும் வேலை. 1887-ல் ஆரம்பித்தது. வெள்ளம் வந்து கட்டினதை அடித்துக்கொண்டு போனது. காட்டுக் காய்ச்சல் ஆட்களைச் சாய்த்தது. சுண்ணாம்பும் செங்கல் பொடியும் கலந்த சுர்க்கிக் கலவையில் அணை எழும்பி, 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார்.

மானம் பார்த்த பூமியில் நெல் விளைந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம். மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரை தண்ணீர் போனது.

ஜான் பென்னிகுயிக் 1911 மார்ச் 9-ல் இங்கிலாந்தின் கேம்பர்லியில் இறந்தார். அவர் மகன், அவரும் ஒரு ஜான், லண்டனில் ஹைகோர்ட் ஜட்ஜாக இருந்தவர், 1982-ல் காலமானார். கால்ட்டன் கணக்குப்படி பார்த்தால் கதை இத்தோடு சரி. சர்நேம் பிள்ளை வழியாகத்தானே போக முடியும்?

ஆனால் தேனிப் பக்கத்து ஜனங்கள் கால்ட்டனைப் படித்ததில்லை. அவர்கள் பாட்டுக்குத் தங்கள் பிள்ளைகளுக்கு ‘பென்னிகுயிக்’ என்று பெயர் வைக்க ஆரம்பித்தார்கள்! ரத்த சம்பந்தம் கிடையாது. பாஷை சம்பந்தம் கிடையாது. ‘அவரு தண்ணி கொண்டாந்தாருல்ல... எங்க சாமி பேரு மாதிரிதான் அதுவும்’ என்பது அந்தப் பக்கத்து நியாயம். அவர் பிறந்தது ஜனவரி 15. பொங்கல் சமயம். பாலார்பட்டியில் அவர் படத்தை வைத்தே பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்பில் 2013-ல் மணிமண்டபம். தேனி பஸ் ஸ்டாண்டுக்கு அவர் பெயர். 2022-ல் தமிழக அரசு கேம்பர்லியிலேயே சிலை வைத்தது.

இங்கே ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். அணைக்கட்டுப் பக்கத்தில் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. காய்ச்சலிலும் விபத்திலும் செத்த தொழிலாளர்கள் அங்கே தூங்குகிறார்கள். கலவை சுமந்தவர்கள், கல் உடைத்தவர்கள். அவர்கள் பெயரையும் யாராவது குழந்தைக்கு வைத்திருக்கலாம்தான். ஆனால் பெரும்பாலோர் பெயர் நமக்குத் தெரியாது. என்ஜினீயர் பெயர் கல்வெட்டில் இருந்தது. கூலி பெயர் மஸ்டர் ரோலோடு போய்விட்டது. நன்றி சொல்லக்கூட விலாசம் வேண்டியிருக்கிறது.

பெயர் வேறு, ரத்தம் வேறு

‘அதெப்படி சார், ரத்த சம்பந்தம் இல்லாமல் பெயரை எடுத்துக்கொண்டால் அது எந்தக் கணக்கில் சேரும்?’ என்று நீங்கள் கேட்கலாம். பிரிட்டனிலேயே இதற்கு ஒரு கதை உண்டு.

சர்நேம் மாதிரியே அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் இன்னொரு சமாசாரம் ‘ஒய்’ குரோமோசோம். லெஸ்டர் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் சர்நேமையும் இந்தக் குரோமோசோமையும் பொருத்திப் பார்க்கிற ஆராய்ச்சியில் கெட்டிக்காரர்கள். அவர்கள் 2007-ல் வெளியிட்ட ஒரு கண்டுபிடிப்பு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. ஒரு பிரிட்டிஷ்காரர். யார்க்‌ஷயரின் கிழக்குப் பக்கத்து அபூர்வ சர்நேம். அவருடைய ஒய் குரோமோசோம் மட்டும் மேற்கு ஆப்பிரிக்க வகை!

அதே சர்நேம் உள்ள 18 ஆண்களைச் சோதித்தார்கள். 7 பேருக்கு அதே ஆப்பிரிக்க அடையாளம். மீதி 11 பேருக்கு இல்லை. பழைய ரெக்கார்டுகளைத் தூசி தட்டியபோது, அந்த 7 பேரும் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் யார்க்‌ஷயரில் வாழ்ந்த இரண்டு குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அதற்கும் முன்னால் எப்போதோ ஓர் ஆப்பிரிக்கத் தாத்தா! ‘நாங்கள் அசல் யார்க்‌ஷயர்’ என்று மார்தட்டின குடும்பத்துக்கு எப்படி இருந்திருக்கும்?

ஆக, ஆப்பிரிக்க ரத்தம் யார்க்‌ஷயர் பெயருக்குள் ஒளிந்து போகிறது. ஸ்காட்லாந்துப் பெயர் தேனி ரத்தத்துக்குள் குடியேறுகிறது. ரத்தம் தானாகப் போய்விடும். பெயரை யாராவது பிரியப்பட்டு எடுத்துக்கொண்டு போனால்தான் உண்டு. குக்கூ பறவைக்குக் கூடு கட்டத் தெரியாது என்பார்கள். முட்டையை இன்னொரு பறவையின் கூட்டில் வைத்துவிட்டுப் போய்விடும். அந்தப் பறவை மோசம் போகிறது. நம் கம்பம் ஜனங்கள் மோசம் போகவில்லை. தெரிந்தே, கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

இனிமேல் நடக்கப் போவதுதான் பெரிய தமாஷ். தேனிப் பக்கம் ஓர் அப்பா, பெயர் பென்னிகுயிக். மகன் பெயர் சரவணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கூல் ரிஜிஸ்டரில் பெ. சரவணன். கம்ப்யூட்டர் படிக்கிறான். வெளிநாட்டு வேலைக்கு பாஸ்போர்ட் எடுக்கிறான். ‘சர்நேம்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? நாம் எல்லாரும் எழுதுவதைத்தான் அவனும் எழுதுவான், அப்பா பெயரை. சரவணன் பென்னிகுயிக்!

ஊர்ப் பெயராகப் பிறந்து, சர்நேமாகி, தேனியில் பெயராகி, ஸ்கூலில் இனிஷியலாகி, பாஸ்போர்ட்டில் மறுபடி சர்நேம்! எடின்பரோ ஏர்போர்ட்டில் இறங்கும்போது இமிக்ரேஷன் அதிகாரி பாஸ்போர்ட்டையும் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். ‘உங்கள் பூர்வீகம் இங்கேதானோ?’ என்று கேட்டாலும் கேட்பார்.

தம்பி சரவணா, அங்கே இருந்து அந்த ஊர் பக்கம்தான். ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வா. ஒரே ஒரு விஷயம்... பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போது ‘குயிக்’ என்று சொல்லிவிடாதே. ‘குக்’ என்று சொல்லு. உன் சர்நேமை உனக்கே உச்சரிக்கத் தெரியவில்லை என்று நினைத்துவிடப் போகிறார்கள்!